பத்தொன்பது நாள் தனி ராஷ்ட்ரம்

ஹைதராபாத்தில் நான் வேலை பார்த்தது முப்பத்திரண்டு வருஷம், நாலு மாதம். அதில் பத்தொன்பது நாள் நான் இந்தியாவில் இல்லை. ஊரைவிட்டு எங்கும் போய்விடவில்லை. தினமும் அதே தொழிற்சாலைக்கு அதே சாப்பாட்டுத் தூக்கோடு போய்வந்தேன். ஆனால் குடியிருந்த இடம் வேறு நாடாக இருந்தது. ஓய்வு பெறும்போது நிரப்பிய படிவம் ஒன்றில் ‘பணிக்காலத்தில் வெளிநாட்டில் தங்கிய நாட்கள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘இல்லை’ என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு வாரம் யோசித்தேன். எழுதியது சரிதானா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

மத்திய அரசு தொடங்கியிருந்த ஒரு பெரிய இயந்திரத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வரிசையில் நான் நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள். ஆகவே தொழிற்சாலைக்கு இரண்டு மைல் இப்பால், இருபத்து மூன்று வீடுகளும் இரண்டு கிணறுகளும் முப்பத்தொரு எருமைகளும் உள்ள ஒரு சின்ன ஊரில் ஒற்றை அறை எடுத்து நானும் மனைவியும் குடியேறினோம். மனிதர்கள் நூற்றுப் பதினேழு பேர். நான்தான் எண்ணினேன். வேறு எந்த அலுவலகமும் எண்ணவில்லை, அதுதான் சிக்கலே.

தொழிற்சாலைக்கு நிலம் எடுத்தபோது சுற்றிலும் எடுத்துவிட்டு, பாறையாக இருந்ததால் இந்த ஊரை மட்டும் விட்டுவிட்டார்கள். இதன் பஞ்சாயத்தில் இருந்த மற்ற நான்கு ஊர்களும் தொழிற்சாலைக்குள் போய்விட்டதால் பஞ்சாயத்தைக் கலைத்துவிட்டார்கள். மாநகராட்சியின் எல்லை கிழக்கே ஒரு மதகுக் கல்லோடு நின்றது. அடுத்த பஞ்சாயத்தின் எல்லைக் கல் மேற்கே தள்ளி நின்றது. இரண்டு கல்லுக்கும் நடுவில் நாங்கள். டவுன்ஷிப்பைக் கேட்டால், எங்கள் சுவருக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

இதனால் எனக்கு என்ன நஷ்டம் என்று சொல்ல வேண்டும். எனக்கு ஒரு வருஷம் புரொபேஷன். அந்த வருஷத்தில் பன்னிரண்டு லேட் மார்க் விழுந்தால் புரொபேஷன் இன்னும் ஆறு மாதம் நீளும். நீண்டவர்களின் பெயர் குவார்ட்டர்ஸ் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். பத்து மாதம் முடிந்தபோது எனக்கு விழுந்திருந்தது ஒன்பது. காலை ஏழரைக்குச் சங்கு. வீட்டிலிருந்து தொழிற்சாலை வாசல் வரை நாலாயிரத்து நூற்றெண்பது அடி வைக்க வேண்டும். நடுவே ஒரு ரயில் கேட். தொழிற்சாலையின் சரக்கு எஞ்சின் தனக்குத் தோன்றிய நேரத்தில் வந்து, தண்டவாளத்தின் குறுக்கே நின்று, பெட்டிகளை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருக்கும். ஒருமுறை நாற்பத்து மூன்று பெட்டி எண்ணினேன். அன்று எட்டாவது லேட் மார்க். முன்னதாகவே கிளம்பக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கிளம்பிப் பார்த்திருக்கிறேன். கேட் அப்போதும் மூடித்தான் இருந்தது.

கம்பெனி பஸ்ஸில் வந்தவர்களும் அதே கேட்டில்தான் நிற்பார்கள். ஆனால் பஸ் தாமதமானால் அது கம்பெனியின் தாமதம். அவர்களுக்கு லேட் மார்க் கிடையாது. அந்த பஸ் தினமும் ஏழு ஐந்துக்கு எங்கள் ஊர் வாசலில்தான் போகும். நிற்காது. மாநகராட்சியோ பஞ்சாயத்தோ டவுன்ஷிப்போ கடிதம் கொடுத்த இடத்தில்தான் நிற்கலாம் என்பது விதி. பதினான்கு மனு போட்டேன். ஒன்பது பதில் வந்தது. ஒன்பதும் மற்ற இரண்டு அலுவலகத்தைப் பார்க்கச் சொல்லின.

பக்கத்து அறையில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் இருந்தார். எங்கள் தொழிற்சாலையிலேயே டர்னர். அவருக்குப் புரொபேஷன் முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது, இருந்தும் என்னைவிட அவருக்குத்தான் கோபம் அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஒன்பதாவது பதிலை வாங்கிப் படித்துவிட்டு, “ஏனுங் தம்பி, நாம மாநகராட்சியும் இல்ல, பஞ்சாயத்தும் இல்ல, கம்பெனியும் இல்ல. அப்ப என்னதானுங்க நாம?” என்றார்.

“அதுதான்ணே தெரியலை.”

“எனக்குத் தெரியுது. நாம வெளிநாடு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தொழிற்சாலையில் ஐரோப்பாவிலிருந்து வந்த மூன்று நிபுணர்கள் இருந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு தினமும் ஏழு பத்துக்கு ஒரு வேன் இதே வழியாகப் போகும். ஒன்பது இருக்கை, மூன்று பேர், ஆறு காலி. இதை அவருக்குச் சொன்னவனே நான்தான். “வெளிநாட்டுக்காரனுக்கு வண்டி உண்டுன்னு ரூல்லயே இருக்குதுங்க. நாம வெளிநாடுன்னு ஆயிட்டா அந்த வேன் நின்னுதானுங்க ஆகணும்” என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வயதானவர், நிஜாம் காலத்தில் எல்லைச் சாவடியில் சுங்கச் சிப்பாயாக இருந்தவர். தனி நாடு என்பது அவருக்கு நேற்று வரை நடந்த சங்கதி. தனி நாணயம், தனி ஸ்டாம்பு எல்லாம் பார்த்தவர். எழுந்து உட்கார்ந்து, “அரே பாபு, முல்க் பனானா பஹுத் ஆசான் ஹை. ஏக் பாஸ், ஏக் முஹர், பஸ்” என்றார். நாடு உண்டாக்க ஒரு மூங்கிலும் ஒரு முத்திரையும் போதும். உள்ளே போய் டிரங்குப் பெட்டியைக் கிளறி, பழைய சுங்க முத்திரையோடு வந்தார். மூங்கில் கொல்லையில் இருந்தது.

அன்று சாயங்காலமே கூட்டம். ஊரில் மிச்சமெல்லாம் எருமை வைத்துத் தயிர் விற்கும் தெலுங்குக் குடும்பங்கள். அவர்கள் வருவார்களா என்று நான் கவலைப்பட்டேன். எண்பத்தாறு பேர் வந்தார்கள். டர்னர் தனக்குத் தெரிந்த தெலுங்கில் இந்தியைக் கலந்து விஷயத்தைச் சொன்னதும் அப்படி ஒரு ஆரவாரம். ஒரு பஸ் நிறுத்தத்துக்காக இவ்வளவு உற்சாகமா என்று எனக்கே கண் கலங்கிவிட்டது. பதினொரு எருமைக்குச் சொந்தக்காரியான ஒரு மூதாட்டியை எல்லோரும் பெத்தம்மா என்பார்கள். அவரையே ஜனாதிபதியாக்கினோம், எதிர்த்துக் கை தூக்க யாருக்கும் தைரியமில்லை. டர்னர் பிரதமர். வீட்டுக்காரர் சுங்கம். எனக்கு மக்கள்தொகைக் கணக்கு கொடுத்தார்கள். ஏற்கெனவே முடித்துவிட்டதால் அன்றைக்கே இலாகா இல்லாதவனானேன்.

அடுத்தது பலகை. தெலுங்கில் எழுத வேண்டும். ‘தனி நாடு’ என்பதற்குத் தெலுங்கில் என்ன? ‘நாடு’ என்றால் அங்கே நாள் என்று அர்த்தம் வரும், அது எனக்குத் தெரியும். என் மனைவி மாரெட்பள்ளியில் பிறந்து தெலுங்கு படித்து வளர்ந்தவள். அவளைக் கேட்டிருக்கலாம். ஆனால் தங்கையின் பிரசவத்துக்காக அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஊர்க்காரர்களைக் கேட்பதற்கும் அந்தச் சொல்தான் வேண்டும். வீட்டுக்காரருக்கு உருது மட்டும்தான் படிக்கத் தெரியும். டர்னரோ தெலுங்கு எழுத்துக் கூட்டி எழுதுவார், இந்திப் பரீட்சை இரண்டு தேறியவர்.

“ராஷ்ட்ரபதின்னா யாருங்க?” என்றார்.

“நாட்டுக்குத் தலைவர்.”

“அப்ப ராஷ்ட்ரம்னா?”

“நாடு.”

“அவ்வளவுதானுங்க.”

எனக்கும் அது சரியான கணக்காகவே பட்டது. தனிக்கு ‘ப்ரத்யேக’ சேர்த்து, ‘ப்ரத்யேக ராஷ்ட்ரம்’ என்று அரைமுழ எழுத்தில், பஸ் போகும் சாலையைப் பார்க்க எழுதி நட்டார். ஊர்க்காரர்கள் பலகைக்குக் குங்குமம் வைத்தார்கள். மேலே கொடியாக டர்னர் மனைவியின் ரோஸ் நிறப் பாவாடைத் துணி. அதில் நான் ஒரு கடிகாரம் வரைந்தேன். முள் ஏழரையில் நின்றது.

நாடு ஆவதில் இவ்வளவு தொல்லை உண்டென்று எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் மூங்கிலைக் குறுக்கே கட்டிவிட்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவர் கையிலும் முத்திரை குத்தத் தொடங்கினார். மூன்றாம் நாள் மண்ணெண்ணெய் வண்டிக்காரர் வந்தார்.

“ஹாத் திகாவ்” என்றார் வீட்டுக்காரர், கையைக் காட்டு என்று.

“கைக்கு?” என்றார் அவர், எதற்கு என்று.

“ஏ துஸ்ரா முல்க் ஹை.” இது வேறு நாடு என்று.

வண்டிக்காரர் ஊரை ஒரு முறை முழுதாகப் பார்த்தார். முழுதாகப் பார்க்க அதிக நேரம் ஆகாது. “பைன்ஸோங்கா முல்க்?” என்று கேட்டார். எருமைகளின் தேசமா என்று. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான்கு நாள் மண்ணெண்ணெய் இல்லை. டர்னர் அதைப் பொருளாதார முற்றுகை என்றார். அவர் மனைவி விறகு அடுப்பை ஊதிக்கொண்டே அவரைக் கோயம்புத்தூர்த் தமிழில் வேறு என்னவோ சொன்னார்.

ஆறாம் நாள் காலை வேனை மறிப்பது என்று முடிவாயிற்று. ஏழு பத்துக்கு டர்னர் சாலை நடுவில் நின்று கொடியை ஆட்டினார். வேன் நின்றது. உள்ளே இருந்த மூன்று நிபுணர்களில் ஒருவர் இறங்கி, பலகையையும் கொடியையும் பெத்தம்மாவையும் படம் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். டிரைவர் பழைய நகரத்து ஆள். “ஏ காடி பாஹர்வாலோங்கி ஹை, பாய்” என்றார், இது வெளிநாட்டுக்காரர்கள் வண்டி என்று.

“நாங்களும் பாஹர்தானுங்க” என்றார் டர்னர்.

“ஹவ்? பாஸ்போர்ட் நிக்காலோ.” அப்படியா, பாஸ்போர்ட்டை எடு என்று.

இதற்கு நாங்கள் தயாராகவே இருந்தோம். நோட்டுப் புத்தகத் தாளில் சுங்க முத்திரை குத்தி ஆளுக்கு ஒன்று வைத்திருந்தோம். டிரைவர் என்னுடையதை வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

“ஃபோட்டோ?”

“இல்லை.”

“ஃபோட்டோ நை, தோ விசா நக்கோ”, ஃபோட்டோ இல்லையென்றால் விசாவும் இல்லை, என்று திருப்பித் தந்துவிட்டு வண்டியை எடுத்தார். அந்த வாக்குவாதத்தில் பதினொரு நிமிஷம் போயிற்று. ஓடினேன். கேட் திறந்திருந்தது, இருந்தும் ஏழு நாற்பத்தொன்று. பத்தாவது லேட் மார்க். ஃபோட்டோ எடுக்க செகந்திராபாத் போய்விட்டு வந்த மறுநாள் தூங்கிவிட்டேன், அது பதினொன்று. நாடு ஆகாமல் இருந்தபோது பத்து மாதத்தில் ஒன்பது. நாடு ஆனபின் இரண்டரை வாரத்தில் இரண்டு. இந்த விகிதத்தை டர்னரிடம் காட்டினேன். “எல்லா நாட்டுக்கும் ஆரம்பத்துல சிரமம் இருக்குமுங்க தம்பி” என்றார். புரொபேஷன் முடியப் பதினேழு வேலை நாள் பாக்கி. இன்னும் ஒன்றே ஒன்று விழுந்தால் போயிற்று.

பதினெட்டாம் நாள் சாயங்காலம் மனைவி மாரெட்பள்ளியிலிருந்து திரும்பினாள். கையில் முத்திரையோடும் முகத்தில் குழப்பத்தோடும் உள்ளே வந்து பையை வைத்தாள்.

“ஏங்க, வாசல்ல அந்த போர்டு யார் வச்சது?”

“நாங்கதான். தனி நாடுன்னு.”

“நாடா? ராஷ்ட்ரம்னு இல்ல போட்டிருக்கு? இங்க ராஷ்ட்ரம்னா ஸ்டேட்டுங்க. நாடுன்னா தேசம்.”

நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த வருஷம் நகரத்தில் தனி மாநிலம் வேண்டும், கூடாது என்று கல்லூரிகளும் அலுவலகங்களும் அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தன. அந்த இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொன்னாலே தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதை நாங்கள் அரைமுழ எழுத்தில் சாலையைப் பார்க்க நட்டுவைத்து, பாவாடையும் ஏற்றியிருக்கிறோம். எண்பத்தாறு பேர் ஏன் ஆரவாரம் செய்தார்கள், ஏன் குங்குமம் வைத்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. பதினெட்டு நாளாக டர்னரும் நானும் ஒரு நாட்டில் இருந்திருக்கிறோம்; ஊர்க்காரர்கள் ஒரு மாநிலத்தில் இருந்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் சந்தேகமே வரவில்லை.

“காலையில கழட்டிடறேன்” என்றேன்.

“கழட்டறதுக்கு முன்னாடி பிடிச்சுட்டுப் போகாம இருக்கணும்” என்றாள்.

காலை ஆறு நாற்பதுக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் மூங்கிலுக்கு அந்தப்பக்கம் இரண்டு ஜீப். கிழக்கே இருந்து நகரக் காவல் நிலைய எஸ்.ஐ.; மேற்கே இருந்து கிராமக் காவல் நிலைய எஸ்.ஐ. வீட்டுக்காரர் முத்திரையைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுத் தூங்குவதுபோல் கிடந்தார். டர்னர் லுங்கியோடு நின்றார். இரண்டு அதிகாரிகளும் பலகையைப் பற்றி எங்களை ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்குள் தெலுங்கில் சண்டை, மரியாதையோடு.

“உங்க எல்லைதான் சார் இது, நீங்களே எழுதிக்குங்க” என்றார் கிராமத்தார்.

“எங்க எல்லை மதகோட சரி. இது உங்களுது” என்றார் நகரத்தார்.

“எங்க கல் அதோ அங்க நிக்குது பாருங்க.”

வழக்கு எழுதினால் நாற்பது பக்கம் எழுத வேண்டுமாம், அதற்குத்தான் சண்டை என்று மனைவி எனக்கு மெதுவாகச் சொன்னாள். ஏழு மணி ஆயிற்று. நான் கிளம்பலாமா என்று ஒரு கான்ஸ்டபிளைக் கேட்டேன். நக்கோ, கூடாது என்றார். ஏழு ஐந்து, பஸ் போயிற்று. ஏழு பத்து, வேன் போயிற்று. நிபுணர் மறுபடி படம் எடுத்தார். எனக்கு வியர்த்துக் கொட்டியது, போலீஸுக்காக அல்ல.

நான் படும் பாட்டைப் பார்த்து மனைவி முன்னால் போனாள். நகர எஸ்.ஐ.யிடம் சுத்தமான தெலுங்கில், இவர்கள் தமிழர்கள், சொல் தெரியாமல் எழுதிவிட்டார்கள், ராஷ்ட்ரம் கேட்கவில்லை என்றாள். எஸ்.ஐ.க்கு முகம் மலர்ந்தது.

“பின்னே என்னம்மா கேக்கறாங்க?”

“தேசம் சார். தனி தேசம்.”

எஸ்.ஐ. ஜீப் படியில் உட்கார்ந்துவிட்டார். கிராம எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றினார். தனி மாநிலம் கேட்டால் ஒரு செக்‌ஷன், தனி தேசம் என்றால் அது வேறு செக்‌ஷன், அதற்கு மேலதிகாரி வர வேண்டும் என்று அவர்கள் பேசிக்கொண்டது எனக்கே புரிந்தது. உதவி செய்கிறேன் என்று என் மனைவி எங்களை ஒரு படி மேலே ஏற்றிவிட்டிருந்தாள்.

“தனி தேசம் எதுக்கும்மா?” என்று ஈனக்குரலில் கேட்டார் நகர எஸ்.ஐ.

“பஸ் நிக்கறதுக்கு சார்.”

இதற்குள் கூடியிருந்த ஊர்க்காரர்கள் தேசம் என்ற சொல்லை முதல்முறையாகக் கேட்டார்கள். ஜனாதிபதி பெத்தம்மா தயிர்ப்பானையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து டர்னரைப் பார்த்து, “தேசமா? தேசம் உந்தி கதா, இங்கோட்டி எந்துக்கு?” என்றார். ஒரு தேசம்தான் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று. பிறகு நேரே போய்ப் பலகையைப் பிடுங்கித் திருப்பி, அதன்மேல் பானையை வைத்தார். எங்கள் நாடு அவ்வளவுதான். காவல் துறை கை வைக்கவே இல்லை.

ஆனால் அதிகாரிகளின் சண்டை தீரவில்லை. வந்ததற்கு யாராவது ஒருவர் எழுதியாக வேண்டுமே. சந்தேகமான இடமென்றால் எந்த எல்லைக் கல் கிட்டமோ அந்த நிலையம் எழுத வேண்டுமாம். எது கிட்டம்? டேப்பைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பப் போனார்கள். அப்போது மணி ஏழு பதினைந்து.

“சார்” என்றேன். “மதகுக் கல் இங்கேருந்து அறுநூற்றுப் பதினொரு அடி வைக்கணும். மேற்கே அந்தக் கல் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நாலு.”

இருவரும் திரும்பினார்கள். “உனக்கு எப்படித் தெரியும்?”

“எண்ணியிருக்கேன் சார்.”

“எதுக்கு?”

கிராம எஸ்.ஐ. என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, யாரும் மனம் மாறுவதற்குள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். நகர எஸ்.ஐ. என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். “வண்டியில ஏறு. நீ அந்த ஃபாக்டரி ஆள்தானான்னு கேட்டுத்தான் எழுதணும்” என்றார். நான் ஏறி உட்கார்ந்த வேகத்தைப் பார்த்து, கைதிகள் யாரும் இப்படி ஏறியதில்லை என்றார் கான்ஸ்டபிள்.

ரயில் கேட் மூடியிருந்தது. எஞ்சின் எட்டுப் பெட்டியோடு தண்டவாளத்தில் வந்துகொண்டிருந்தது. எஸ்.ஐ. ஹாரனை அழுத்தி, கையை வெளியே நீட்டினார். எஞ்சின் நின்றது. பதினோரு மாதம் எனக்காக ஒரு தடவைகூட நிற்காத எஞ்சின். ஏழு இருபத்தேழுக்குத் தொழிற்சாலை வாசலில் இறங்கினேன், இரண்டு பக்கமும் போலீஸ். வாசலில் நின்ற இருநூறு பேர் வழிவிட்டார்கள். டைம் கீப்பர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எஸ்.ஐ.யைப் பார்த்தார். ‘சரியான நேரம்’ என்று எழுதிவிட்டு, குறிப்புக் கட்டத்தில் ‘போலீஸ் வாகனம்’ என்று சேர்த்தார்.

எஸ்.ஐ. என்னைத் திட்டிக்கொண்டே எழுதிய அறிக்கை அரைப் பக்கம்தான். பலகை தவறு, நோக்கம் பஸ், இடம் எங்கள் நிலையத்து எல்லை. அந்த மூன்றாவது வரியைப் பிடித்துக்கொண்டு மாநகராட்சி எங்களை ஏற்றுக்கொள்ளவும், கடிதம் போகவும், பஸ் நிற்கவும் மூன்று மாதம் ஆயிற்று. அதற்கு முன்னால் மிச்சமிருந்த பதினாறு நாளையும் நான் நடந்தே கடந்தேன். ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, தொழிற்சாலை வாசலில் காவல்காரரின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். பதினொன்று பதினொன்றாகவே நின்றது.

கடைசி நாள் பணியாளர் அதிகாரி கூப்பிட்டனுப்பினார். தமிழர், கண்டிப்பானவர். அவர் எதிரில் என் ஃபைல் திறந்து கிடந்தது. ‘போலீஸ் வாகனம்’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். எந்த வாகனத்தில் வர வேண்டும் என்று விதி இல்லை. பக்கத்தைப் புரட்டி, நிரந்தரமாவதற்கு நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் பார்த்தார்.

“வசிக்கிற இடம் எந்தக் காவல் நிலையத்துக்கு உட்பட்டதுன்னு ஒரு கட்டம். இதை யாருமே நிரப்பறதில்லை. நீங்க நிரப்பியிருக்கீங்க. நிச்சயமா இதேதானா?”

“நிச்சயம் சார். அவங்க ஜீப்லதான் அன்னிக்கு வந்தேன்.”

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை உதறிக் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை நான் அங்கேயே நின்றேன்.